நன்கொடை கொடுத்தால் வீட்டு வரி குறையுமா? பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச், ஏப்ரல் வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் மேசை போட்டு நாலு பேர் உட்காருவோம். வருமான வரிப் பாரத்தைத் தாங்களாக நிரப்பத் தயங்குகிறவர்கள் வருவார்கள், கூட இருந்து நிரப்பிக் கொடுப்போம். ஒருநாள் ஓர் அம்மா மாநகர் மன்றத்திலிருந்து வந்த வரிக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "என் மகன் நியூ ஜெர்சியில இருக்கான் தம்பி. அங்க ஊருக்கு நன்கொடை கொடுத்தா வீட்டு வரியில கழிச்சுக்கலாம்னு சட்டமே இருக்காம். நான் வருசா வருசம் எவ்வளவோ கொடுக்கிறேன், இதுல ஒரு காசு குறையலையே?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் இன்னும் பத்துக் கேள்வி கிளம்புகிறது. மேசைக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

வீட்டு வரி என்று எதைச் சொல்கிறீர்கள்? சுக்காய் பிந்துவா, சுக்காய் தானாவா?

சுக்காய் பிந்து என்று நாம் சொல்வது மதிப்பீட்டு வரி. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டப்படி அந்தந்த மன்றம் விதிப்பது. தீவில் இருந்தால் பினாங்கு மாநகர் மன்றம், பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்கிட்டு, அதில் ஒரு விழுக்காட்டை வரியாக வாங்குகிறார்கள். மாதம் 1,000 வெள்ளி (ரிங்கிட்) வாடகை போகும் வீடு என்றால் ஆண்டு மதிப்பு 12,000. விகிதம் 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வரி 600 வெள்ளி. பாதியைப் பிப்ரவரி கடைசிக்குள்ளும் மீதியை ஆகஸ்ட் கடைசிக்குள்ளும் கட்ட வேண்டும். குப்பை அள்ளுவது, கால்வாய் சுத்தம், தெருவிளக்கு எல்லாம் இந்தப் பணத்தில்தான் நடக்கிறது.

சுக்காய் தானா என்பது நில வரி, மாநில அரசுக்குப் போவது. அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு அதன் இடத்தில் சுக்காய் பெத்தாக் வரும். வருமான வரி மூன்றாவது. அது 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசுக்குப் போகிறது.

சரி, மாநகர் மன்றத்துக்கே நன்கொடை கொடுத்தால் சுக்காய் பிந்து குறையுமா?

குறையாது. நம் நாட்டில் நன்கொடைக்குக் கிடைக்கும் வரிச் சலுகை முழுக்க வருமான வரிப் பக்கம்தான் இருக்கிறது. பூங்காவுக்கு நாற்காலி போட மன்றத்துக்கு 2,000 வெள்ளி கொடுத்தாலும் மதிப்பீட்டு வரிக் கடிதத்தில் போன முறை இருந்த தொகைதான் இருக்கும்.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மத்திய அரசு, மாநில அரசு, ஊராட்சி மன்றம் ஆகியவற்றுக்கு ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடையை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) துணைப்பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. அதே துணைப்பிரிவில் அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுத்தால் உங்கள் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான் கழிக்க முடியும். தனிநபருக்கு முன்பு 7 விழுக்காடாக இருந்த வரம்பை 2020 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (வருமான வரிக் கணக்கு ஆண்டைத்தான் அப்படிச் சொல்வார்கள்) 10 ஆக்கினார்கள்.

கழிவு, ரிபேட், இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மேசையில் எனக்கு அதிக நேரம் பிடிப்பது இதை விளக்கத்தான். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கழிவு என்றால் வருமானத்திலிருந்து கழிப்பது. ரிபேட் என்றால் வரியிலிருந்தே கழிப்பது. 1,000 வெள்ளி நன்கொடை கொடுத்தவர் "எனக்கு ஆயிரம் வெள்ளி வரி குறையும்" என்று நம்பிக்கொண்டு வருகிறார். அப்படி இல்லை. வருமானம் உயர உயர வரி விகிதமும் படிப்படியாக உயரும். எல்லாக் கழிவும் போக அவருடைய வரிக்குரிய வருமானம் 65,000 வெள்ளி என்றால், அவர் 11 விழுக்காட்டுப் படியில் இருக்கிறார். ஆயிரம் வெள்ளி நன்கொடையால் அவருக்கு மிச்சமாவது 110 வெள்ளி. 90,000 வெள்ளி வருமானக்காரருக்கு 19 விழுக்காடு, ஆகவே 190 வெள்ளி. 45,000 வெள்ளிக்காரருக்கு 60 வெள்ளிதான். வரியே கட்டாதவருக்கு ஒன்றும் இல்லை.

ஒரே ஆயிரம் வெள்ளிதான். வசதி உள்ளவருக்கு அரசு 190 திருப்பித் தருகிறது, கூலி வேலை செய்து சேர்த்துக் கொடுத்தவருக்கு ஒன்றும் தருவதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. படிகளாக உயரும் வரியில் கழிவு என்று வைத்தால் இப்படித்தான் முடியும். எல்லாருக்கும் ஒரே விழுக்காட்டில் ரிபேட் கொடுத்தால் வரி கட்டுகிறவர்களுக்குள்ளாவது இந்த ஏற்றத்தாழ்வு இருக்காது.

என் வருமானம் 35,000 வெள்ளியை ஒட்டி இருக்கிறது. நன்கொடையால் எனக்கு ஏதாவது பலன் உண்டா?

உங்களுக்குத்தான் பலன் அதிகம். வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவருக்குத் தனியாக 400 வெள்ளி ரிபேட் இருக்கிறது. அந்தக் கோட்டை ஐந்து வெள்ளி தாண்டினாலும் அது போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரிக்குரிய வருமானம் 35,800 வெள்ளி. முதல் 35,000க்கு வரி 600, மீதி 800க்கு 6 விழுக்காட்டில் 48, ஆக 648 வெள்ளி. இவர் அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு 1,000 வெள்ளி கொடுத்து ரசீது வைத்திருக்கிறார் என்று வையுங்கள். வருமானம் 34,800க்கு இறங்குகிறது. வரி 594, அதில் 400 ரிபேட் போக 194 வெள்ளி. ஆயிரம் வெள்ளி கொடுத்ததில் 454 வெள்ளி வரி குறைந்துவிட்டது!

நான் உதவிய ஒரு பாதுகாவலர், கிட்டத்தட்ட இதே கணக்கு, பள்ளிக்குக் கொடுத்த நன்கொடையைப் பாரத்தில் எழுதவே இல்லை. "கொடுத்ததைப் போய்க் கணக்குக் காட்டுவாங்களா?" என்றார். அவர் மனசு எனக்குப் புரிந்தது. ஆனால் சட்டம் கொடுக்கும் உரிமையை எடுத்துக்கொள்வதால் தர்மம் குறைந்துவிடாது. அந்த நானூறு வெள்ளி அவர் வீட்டில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கு ஆகும்.

அப்படியென்றால் நியூ ஜெர்சியில் அந்த அம்மாவின் மகன் சொன்னது உண்மையா?

சட்டம் வந்தது உண்மை. பின்னால் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஊருக்கும் மாநிலத்துக்கும் கட்டிய வரியை மத்திய வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் அதற்கு 10,000 டாலர் என்று வரம்பு வைத்தது. நியூ யார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் போன்ற மாநிலங்களில் வீட்டு வரியே பல குடும்பங்களுக்கு அந்த அளவைத் தொட்டுவிடும், அதற்கு மேல் மாநில வருமான வரி வேறு. கட்டிய வரிக்கு மேலேயே வரி என்ற நிலை.

வரிக்குத்தான் வரம்பு, நன்கொடைக்கு அந்த வரம்பு இல்லை. அங்கேதான் யோசனை பிறந்தது. 2018இல் மூன்று மாநிலங்களும் சட்டம் போட்டன. ஊராட்சி ஓர் அறநிதி தொடங்கலாம், பள்ளிக்கூடம் போன்ற பொதுக் காரியங்களுக்கு. வீட்டுக்காரர் வரியாகக் கட்டும் பணத்தை அந்த நிதிக்கு நன்கொடையாகக் கொடுப்பார். ஊர் அதற்கு ஈடாக வீட்டு வரியில் வரவு வைக்கும், நியூ யார்க்கில் 95 விழுக்காடு வரை, நியூ ஜெர்சியில் 90 வரை, கனெக்டிகட்டில் 85 வரை. நியூ ஜெர்சிச் சட்டத்தில் ஆளுநர் ஃபில் மர்ஃபி அந்த ஆண்டு மே மாதம் கையெழுத்திட்டார்.

10,000 டாலர் கொடுத்தவரை எடுத்துக்கொள்வோம். வீட்டு வரியில் 9,000 குறைகிறது. அதோடு 10,000 டாலர் நன்கொடை என்று மத்திய வரியில் காட்டினால், 24 விழுக்காட்டுப் படியில் 2,400 மிச்சம். பத்தாயிரம் கொடுத்துப் பதினோராயிரத்து நானூறு திரும்புகிறது.

மத்திய வரித்துறை இதை ஒப்புக்கொள்ளவில்லை. 2018 ஆகஸ்டில் வரைவு விதி, 2019 ஜூனில் இறுதி விதி. நன்கொடைக்கு ஈடாக மாநிலமோ ஊரோ வரி வரவு கொடுத்தால், அந்த வரவைக் கழித்துவிட்டு மீதியைத்தான் நன்கொடையாகக் காட்ட வேண்டும் என்றது. 2018 ஆகஸ்ட் 27க்குப் பின் கொடுத்த தொகைக்கெல்லாம் இது பொருந்தும். வரவு 15 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் மட்டும் விலக்கு. நம் கணக்கில் 10,000இல் 9,000 போய், 1,000தான் நன்கொடை. மிச்சம் 240 டாலர். மொத்தத்தில் திரும்புவது 9,240. கையை விட்டு 760 டாலர் போகிறது. அந்த வழியில் போக வேண்டிய காரணமே அத்தோடு அற்றுப்போனது.

2025 ஜூலையில் வந்த சட்டம் 10,000 டாலர் வரம்பை 40,000 ஆக உயர்த்தியிருக்கிறது, அதுவும் வருமானம் மிக அதிகமானவர்களுக்கு முழுசாக இல்லை. மகனிடம் கேட்க வேண்டியது நன்கொடையைப் பற்றி அல்ல, இந்தப் புதிய வரம்பைப் பற்றி என்று அந்த அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.

இங்கேயும் அப்படி ஒரு திட்டம் வந்தால் நல்லதுதானே?

பலர் ஆசையோடு கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன்.

நூறு கொடுத்துத் தொண்ணூற்றைந்து திரும்பி வந்தால் கொடுத்தது ஐந்துதான். மீதியை ஊரே கொடுத்திருக்கிறது. நான் பூங்காவுக்கு என்று கொடுக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் நூலகத்துக்கு என்று கொடுக்கிறார். இரண்டும் நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பணம் மன்றத்தின் பொதுக் கணக்கிலிருந்து போன பணம். கால்வாய்க்கு யார் நன்கொடை கொடுப்பார்கள்? 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பினாங்கில் கால்வாயைவிட அவசரமான காரியம் அதிகம் இல்லை. கல்வெட்டில் பேர் போடுகிற காரியத்துக்குப் பணம் ஓடும், சாக்கடைக்கு ஓடாது.

சின்ன அளவில், வரம்போடு, செய்த செயலுக்காகக் கொடுக்கும் சலுகை வேறு. பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம் மழைநீர் சேமிப்பு, சூரிய சக்தி மாதிரி ஏற்பாடுகள் செய்த வீடுகளுக்கு மதிப்பீட்டு வரியில் தள்ளுபடி கொடுத்து வந்திருக்கிறது. அதில் ஊருக்கும் லாபம் இருக்கிறது. மழைநீரைப் பிடித்தால் கால்வாய்க்குப் போகிற தண்ணீர் குறையும். அந்த மாதிரிச் சலுகையை நான் வரவேற்கிறேன்.

கோவிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கொடுத்ததைக் கழிக்கலாமா?

ரசீதைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

சங்கமாகப் பதிவு பெற்றிருந்தால் போதாது, ஊரறிந்த கோவிலாக இருந்தாலும் போதாது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும், ரசீதில் 44(6) துணைப்பிரிவும் அங்கீகார எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். வாரியத்தின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பேரைத் தட்டினால் அங்கீகாரம் இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று தெரியும். சில இடங்களுக்கு இருந்த அங்கீகாரம் காலாவதியாகி, யாரும் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். அந்த அம்மாவுக்கு அதுதான் நடந்தது. ஒரு சங்கத்துக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 50 வெள்ளி கொடுத்திருக்கிறார். மொத்தம் 1,800 வெள்ளி. ரசீதுகளைப் பிளாஸ்டிக் பையில் ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒன்றில்கூட எண் இல்லை. கேட்டதற்கு "அதெல்லாம் இருக்கு, இருக்கு" என்று சொன்னார்களாம். கொடுக்கிறவர்களிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்வது வாங்குகிற சங்கத்தின் கடமை.

அப்புறம், நம்மவர்கள் மட்டும் செய்யும் ஒரு தவறு. காலமான அப்பா பேரில் ரசீது போடச் சொல்கிறோம். நினைவுக்காகக் கொடுப்பது நல்லது, ஆனால் ரசீது அப்பா பேரில் இருந்தால் நீங்கள் கழிக்க முடியாது. ரசீதில் உங்கள் பேரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கட்டும், அப்பாவின் பேரைக் கல்வெட்டிலோ அன்னதானப் பலகையிலோ போடச் சொல்லுங்கள். கணவன் மனைவி தனித்தனியாக வரி கட்டினால், யாருக்கு வரிப்படி அதிகமோ அவர் கொடுத்து, அவர் பேரில் ரசீது வாங்குவது குடும்பத்துக்கு நல்லது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். அரிசி, மோர், சாப்பாடு எல்லாம் எங்கள் செலவு. கழிக்கலாமா?

முடியாது. 44(6) ரொக்கத்துக்கு மட்டும்தான். அரிசி மூட்டையும் உங்கள் உழைப்பும் அதில் சேராது.

பணமாக இல்லாமல் பொருளாகக் கொடுத்தால் எதற்குமே சலுகை இல்லையா?

சிலவற்றுக்கு உண்டு, இன்னும் நிறையப் பேர் பயன்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். பொது இடத்தில் உடற்குறையுள்ளோருக்கு வசதி செய்து கொடுத்தால், உதாரணமாகச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், பணமாகவும் பொருளாகவும் கழிக்கலாம். மதிப்பை ஊராட்சி மன்றம் சொல்லும். சுகாதார அமைச்சு ஒப்புக்கொண்ட மருத்துவ நிலையத்துக்குப் பணமோ மருத்துவக் கருவியோ கொடுத்தால் 20,000 வெள்ளி வரை. பழம்பொருள், ஓலைச்சுவடி, ஓவியம் போன்றவற்றை அரசுக்குக் கொடுத்தாலும் உண்டு, மதிப்பை அருங்காட்சியகத் துறையோ தேசிய ஆவணக் காப்பகமோ முடிவு செய்யும். ஜார்ஜ் டவுனில் பழைய தமிழ் ஏடும் கடைக் கணக்குப் புத்தகமும் பரணில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கரையானுக்குப் போகும் முன் யோசியுங்கள்.

நூலகத்துக்குப் பணமாகக் கொடுத்தால் தனியாக 20,000 வெள்ளி வரை கழிவு. பள்ளி நூலகமும் இதில் அடங்கும்.

ஸக்காத்துக்கு என்ன கணக்கு?

பினாங்குத் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள் கேட்பது. ஸக்காத்தும் ஃபித்ராவும் (இஸ்லாமிய மார்க்கக் கடமையான கொடைகள்) கழிவு அல்ல, ரிபேட். 500 வெள்ளி கட்டினால் வரியிலேயே 500 வெள்ளி குறையும். கட்ட வேண்டிய வரியைத் தாண்டிப் போனால் மிஞ்சியது திரும்ப வராது, அடுத்த ஆண்டுக்கும் போகாது. அமெரிக்க ஊர்கள் செய்யப் பார்த்த வரவுக்கு நம் நாட்டில் நெருங்கி நிற்பது இதுதான், ஆனால் வருமான வரியில், வீட்டு வரியில் அல்ல. அதிகாரபூர்வ ஸக்காத் நிலையத்தின் ரசீது அவசியம்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். கட்டிய சுக்காய் பிந்துவை எங்காவது காட்டலாமா?

காட்டலாம். வாடகை வருமானத்திலிருந்து மதிப்பீட்டு வரி, நில வரி, வீட்டுக்கடன் வட்டி, தீ காப்புறுதி எல்லாம் கழியும். குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு இது கிடையாது.

எங்கள் சங்கக் கட்டடத்துக்கே சுக்காய் பிந்து வருகிறது. விலக்குக் கேட்க முடியுமா?

முடியும். ஊராட்சி மன்றச் சட்டத்தின் 134ஆம் பிரிவு வழிபாட்டுத் தலம், உரிமம் பெற்ற இடுகாடு, சுடுகாடு, பொதுப் பள்ளி, லாப நோக்கமில்லாத பொது அறப்பணி, இலக்கியம், கலை போன்றவற்றுக்குப் பயன்படும் கட்டடத்துக்கு மாநில அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது. "அளிக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள், தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். கீழ்த்தளத்தைக் கடைக்கு வாடகை விட்டிருந்தால் அந்தப் பகுதிக்குக் கேட்பது கஷ்டம். கட்டுகிற வரியை ஆண்டு முழுக்க நன்கொடை திரட்டிச் சமாளிக்கும் சங்கங்களை எனக்குத் தெரியும். இந்த ஒரு விண்ணப்பம் அவர்களுக்குப் பெரிய உபகாரம்.

சிங்கப்பூரில் அதிகம் கொடுக்கிறார்களாமே?

ஆமாம். அங்கே அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புக்கு 100 வெள்ளி கொடுத்தால் 250 வெள்ளி கழிக்கலாம். அங்கே வேலை செய்து அங்கே வரி கட்டும் பிள்ளைகளுக்குத்தான் அது. மலேசியக் கோவிலுக்குக் கொடுத்ததை அங்கே காட்ட முடியாது.

ரசீதை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்? கியூஆரில் அனுப்பினேன், ஸ்கிரீன்ஷாட் போதுமா?

ஏழு ஆண்டு. ஸ்கிரீன்ஷாட் பணம் போனதைத்தான் காட்டும், ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பாரத்தோடு அனுப்ப வேண்டாம், வாரியம் கேட்டால் காட்ட வேண்டும்.

அச்சிட்ட மெல்லிய தாள் ரசீது ஓர் ஆண்டிலேயே வெளுத்துவிடும். அந்த அம்மாவின் பையில் பாதி ரசீது அப்படி வெள்ளைத் தாளாகிக் கிடந்தது. வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், அல்லது ஐந்து காசுக்கோ பத்துக் காசுக்கோ நகல் எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். சம்பளக்காரர்களுக்கு பிஇ பாரத்தின் கடைசி நாள் ஏப்ரல் 30, இ-ஃபைலிங்கில் மே 15 வரை விடுவது வழக்கம். அதுவரை ஞாயிறு காலை எங்கள் மேசை இருக்கும். அடையாள அட்டையும் இஏ பாரமும் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளக் கணக்கு) கொண்டு வாருங்கள்.